கண்பாப்பா விரிந்த கதை: ஹவாய்க்குப் பூப் பார்க்கப் போன அனுபவம்

31 வருடம் பாளையங்கோட்டையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் நான். கத்தரிக் குடும்பத்தைப் பற்றிக் கரும்பலகையில் எழுதாத வருடம் கிடையாது. ஊமத்தையில் அட்ரோபின் வகை நஞ்சு இருக்கிறது, அது கண்பாப்பாவை விரித்துவிடும் என்பதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே பல தடவை கேட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள், போன ஆகஸ்டில் ஹவாயில் ஒரு பூவைப் பிய்த்துப் பார்த்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு மூளையில் இரத்தம் கசிகிறது என்று நடுங்கிப்போய் ஏழு மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யாராவது ஒருத்தர் முன்கூட்டியே இரண்டு வரி சொல்லியிருந்தால் எனக்குப் பல ஆயிரம் டாலர் மிஞ்சியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

என் மகள் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறாள். விசிட்டர் விசாவில் நான் போனது இது மூன்றாவது முறை. மகள், மருமகன், நான் மூன்று பேருமாக ஹவாய் போவதாகத்தான் ஏற்பாடு. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது இரண்டு பேருக்கும் ஆபீஸில் லீவு இல்லை என்று ஆகிவிட்டது. விமான டிக்கெட்டும் சரி, தங்கும் வீடும் சரி, ரத்து செய்தால் காசு திரும்பாத வகையில் போட்டிருந்தார்கள். ரத்து செய்யும் வசதியோடு போட்டிருந்தால் தலைக்கு நாற்பது ஐம்பது டாலர் கூடியிருக்கும், அவ்வளவுதான். அதை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு டிக்கெட்டிலும் சேர்த்து 1,100 டாலர் போயிற்று. "யம்மா, நீ மட்டுமாவது போயிட்டு வாயேன். பூப் பாக்கணும்னு ஆசப்பட்டது நீதான" என்றாள் மகள். இவள் அப்பா மூளையில் இரத்தக் கசிவு வந்து இறந்து நாலு வருடம் ஆகிறது. அதன் பிறகு நான் தனியாகத் தென்காசி தாண்டிப் போனதில்லை. எப்படிச் சரி என்றேனோ தெரியவில்லை. எட்டு நாள் பயணம், கையில் ஒரு நோட்டு, ஒரு கைலென்ஸ், இருமுனையும் தீட்டிய ஒரு பென்சில்.

போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. ஹவாய் என்பது ஒரு தீவு இல்லை, கூட்டம். அதில் ஹவாய் என்றே பெயருள்ள தீவுதான் எல்லாவற்றிலும் பெரியது, குழப்பம் வராமல் இருக்க 'பெரிய தீவு' என்கிறார்கள். அதன் கிழக்குக் கரையில் ஹீலோ, மேற்கில் கோனா. நம் ஊரில் மலைக்கு மேற்கே கேரளம் நனைய, இந்தப் பக்கம் நாம் காய்கிறோமே, அங்கே அது திசைமாறி நடக்கிறது. வடகிழக்குக் காற்று 4,207 மீட்டர் மௌனா கேயா மலையில் முட்டி ஹீலோ பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். ஹீலோவுக்கு வருடத்தில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கடலும் வெயிலும்தான் வேண்டும் என்றால் கோனா, செடி கொடிதான் வேண்டும் என்றால் ஹீலோ. குடை உதவாது, காற்று பிடுங்கிவிடும். கோட்டு மாதிரி மாட்டிக்கொள்ளும் மழைச்சட்டையும், நோட்டைப் போட்டு வைக்க ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையும் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகவில்லை. முதல் நாள் எழுதிய ஆறு பக்கமும் மையாகக் கரைந்ததற்குப் பிறகுதான் பென்சிலுக்கு மாறினேன்.

ஹீலோவில் இறங்கி நடந்த முதல் மணி நேரத்தில் எனக்கு வந்தது ஏமாற்றம். எட்டாயிரம் மைலைத் தாண்டி வந்தால், தெருவோரம் முழுக்க எனக்குத் தெரிந்த முகங்கள். செம்பருத்தி, போகன்வில்லா, குரோட்டன்ஸ், அல்லமாண்டா, தூங்குமூஞ்சி மரம். ஹவாய் என்றாலே படத்தில் பெண்கள் காதில் செருகியிருக்கிற பூ, நம் ஊர்க் கோவில் வாசலில் உதிர்ந்து கிடக்கிற அதே ஈழத்தலரி. அதுவும் அந்தத் தீவின் பூ இல்லை. மெக்சிகோ, கரீபியன் பக்கத்துச் சரக்கு. ஹில்லபிராண்டு என்கிற ஜெர்மன் மருத்துவர் 1860-ல் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். பளபளவென்று அரக்குப் பூசின மாதிரி இருக்கும் ஆந்தூரியம் கொலம்பியாவிலிருந்து கிளம்பி லண்டன் சுற்றி 1889-ல் வந்தது. கொக்குத்தலை மாதிரி நிற்கும் பேர்ட் ஆஃப் பாரடைஸ் தென்னாப்பிரிக்கா. ஹீலோ கடற்கரைச் சாலையில் வரிசையாக ஆலமரங்கள், விழுதெல்லாம் இறங்கி, சாட்சாத் நம் ஆலமரம். 1933-லிருந்து வந்துபோன பிரபலங்களைக் கொண்டு ஆளுக்கொன்றாக நடவைத்திருக்கிறார்கள். பேஸ்பால் ஆட்டக்காரர் பேப் ரூத் நட்டது ஒன்று, விமானி அமீலியா இயர்ஹார்ட் நட்டது ஒன்று, ஒவ்வொன்றின் அடியிலும் பெயர்ப்பலகை.

அந்த ஏமாற்றம் மறுநாள் சந்தையில் மாறிப்போனது. ஹீலோ உழவர் சந்தை புதனும் சனியும்தான் நிறைந்து கூடும், மற்ற நாளில் போனால் பாதிக் கடைதான். அங்கே ஒரு கிழவி நூலில் கோத்த வெள்ளை மாலையை வைத்திருந்தாள். பத்தடி தூரத்திலேயே எனக்கு வாசம் வந்துவிட்டது. குண்டுமல்லி! மொட்டாகவே கோத்து, ஒற்றைச் சரமாக. பெயர் கேட்டேன், "பிகாக்கே" என்றாள். பிகாக் என்கிற மயில்தான் அது. நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் கயூலானி என்கிற இளவரசி மல்லிகையும் மயிலும் ஆசையாக வளர்த்தாளாம். ஜனங்கள் இரண்டையும் சேர்த்து மல்லிகைக்கே மயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கு இந்த மாலைதான் போடுவார்களாம். மதுரைக்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அன்றைக்குத்தான் நான் பார்க்கவேண்டிய முறையே வேறு என்று புரிந்தது. இங்கே ஒவ்வொரு செடியிடமும் 'உன் சொந்த ஊர் எது, உன்னை யார் கூட்டி வந்தது' என்று கேட்டால் ஒரு கதை வருகிறது.

வந்தவர்களிலும் இரண்டு தலைமுறை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இன்னும் சுவாரசியம். 1778-ல் கேப்டன் குக் என்கிற ஆங்கிலேயரின் கப்பல் வந்ததற்குப் பிறகு வந்து குவிந்தவை ஒரு கூட்டம். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாலினேசியர்கள் என்கிற பசிபிக் தீவுக்காரர்கள் தோணியில் கூடவே கொண்டுவந்த செடிகள் இன்னொரு கூட்டம். அந்தத் தோணிப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டுக் கொல்லை மாதிரி இருக்கும். சேப்பங்கிழங்கு, வாழை, கரும்பு, தென்னை, மஞ்சள், சீமைப்பலா, புன்னை. மஞ்சளை அங்கே 'ஓலெனா' என்கிறார்கள், துணிக்குச் சாயம் போடவும் மருந்துக்கும் வைத்திருந்தார்களாம். சேம்பு அவர்களுக்கு வெறும் கிழங்கு இல்லை, மனுஷனுக்கு அண்ணன் முறை. முதலில் பிறந்த பிள்ளை இறந்து, புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது, அடுத்துப் பிறந்தவன்தான் மனிதன் என்று கதை. கீரைக்கட்டு மாதிரி சேம்பிலை விற்றுக்கொண்டிருந்த பையன் எனக்கு அதைச் சொல்லிவிட்டு, "நல்லா வேகவைங்க ஆன்ட்டி, இல்லன்னா தொண்டை அரிக்கும்" என்றான். அந்த ஊரில் வயதான பெண்கள் எல்லாருமே ஆன்ட்டிதான். தனியாகப் போனவளுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று போனால்தான் தெரியும்.

மூன்றாம் நாள் வாடகைக் காரில் அகாகா அருவி. 135 மீட்டர் ஒரே பாய்ச்சல். அருவியை விட்டுவிட்டுச் சுற்றுப்பாதையைப் பார்த்தவள் அன்றைக்கு நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மூங்கில், ஹெலிகோனியா, செந்தீப்பந்தம் மாதிரி டார்ச் இஞ்சி, ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளை இஞ்சிப்பூ. கூட வந்தவர்கள் "ஆதிக்காடு" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் பட்டதில் பெரும்பாலானவை வெளியூரிலிருந்து வந்தவை. தீவின் சொந்தச் செடிகளைப் பார்க்கவேண்டும் என்றால் கடற்கரையையும் அருவியையும் விட்டுவிட்டு மேலே எரிமலைப் பக்கம் ஏறவேண்டும். ஹவாயின் சொந்தப் பூச்செடிகளில் பத்தில் ஒன்பது உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அது தெரிந்தும் மூன்று நாளை நான் கீழேயே கழித்துவிட்டேன். முதல் நாளிலேயே மேலே ஏறியிருக்கவேண்டும்.

அப்புறம் ராத்திரிச் சத்தம். ஹீலோவில் முதல் இரவு யாரோ ஐந்நூறு விசிலை ஒரே நேரத்தில் ஊதுகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கோக்கீ தவளை, கட்டைவிரல் நகம் அளவுதான். புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து நர்சரிச் செடிகளோடு ஒளிந்து வந்ததாம். பூவை ஆசைப்பட்டு வரவழைத்தால் தவளையும் சேர்ந்து வருகிறது. காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள். இன்னொன்று, அந்தப் பக்கத்தில் பச்சைக் கீரை, சாலட் எதையும் ஒவ்வொரு இலையாகப் பிரித்துக் கழுவாமல் வாயில் வைக்கக்கூடாது. நத்தை, ஓடில்லா நத்தை வழியாக எலி நுரையீரல் புழு என்று ஒன்று வந்து மூளையைப் பாதிக்கும். வீட்டுக்காரர்களே சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் கேளுங்கள்.

நாலாம் நாள் மேலே வால்கனோ கிராமத்துக்குப் போனேன். ஹீலோவிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர், நம் குன்னூர் மாதிரிக் குளிர். தங்கிய வீட்டுக்காரப் பெண்ணுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவள் தாத்தா ஜப்பானிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். வீட்டைச் சுற்றி மரப்பெரணி, அதற்கு மேலே ஓஹியா மரங்கள். ஓஹியாதான் அந்தத் தீவின் நிஜமான சொந்தக்காரி, ஆறின எரிமலைக் குழம்புப் பாறையில் முதலில் முளைக்கிற மரம். சிவப்பு மகரந்தத்தாளாகவே விரிகிற லெஹுவா பூ, நம் நாவல் குடும்பம். அதைப் பறித்தால் மழை வரும் என்பார்கள். இந்த மரத்துக்கு இப்போது ஒரு பூஞ்சை நோய், 2014-ல்தான் காரணமே கண்டுபிடித்தார்கள், கொத்துக் கொத்தாக மரங்கள் சாகின்றன. அதனால் காட்டுப் பாதை ஆரம்பிக்கிற இடங்களில் செருப்பைத் தேய்க்கப் பிரஷ்ஷும், தெளிக்க ஸ்பிரிட்டும் வைத்திருக்கிறார்கள். நின்று தேய்த்துவிட்டுப் போங்கள். மண்ணோடு போய் மண்ணோடு வந்து நோயைப் பரப்புவது நம் பாதம்தான்.

அங்கேதான் காஹிலி இஞ்சியைப் பார்த்தேன். மஞ்சள் கதிரில் சிவப்பு மகரந்தத்தாள், ராஜாவுக்கு வீசுகிற சாமரம் மாதிரி ஒரு முழம் நீளம். வாசம் ஆளைத் தூக்குகிறது. நம் சிக்கிம், டார்ஜிலிங் பக்கத்துச் செடி. இங்கே அதுதான் வில்லன். கிழங்கு பாய் முடைந்த மாதிரித் தரையை மூடிவிடும், அதற்கடியில் ஓஹியா விதை முளைக்க வழியில்லை. பக்கத்து எரிமலைத் தேசியப் பூங்காவில் தொண்டர்கள் அரிவாளோடு வந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பூவைப் பார்த்து ஆசைப்படுவதா, வெட்டுகிறவர்களுக்கு ஒத்தாசை செய்வதா என்று எனக்கே குழப்பம். ஒரு கிழவர் கையில் ஒரு பூவைக் கொடுத்து, "மோந்துக்கோங்க, அதுக்கப்புறம் வெட்டுவோம்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அது நடந்தது. வீட்டு வேலியோரம் ஆளைவிட உயரமாக ஒரு செடி, ஜாண் நீளத்துக்கு மேல் வெளிர் ஆரஞ்சுப் பூக்கள் தலைகீழாக, ஊதுகொம்பு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட், ப்ருக்மான்சியா. கொடைக்கானல், ஊட்டிச் சாலையோரத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூர்வீகம் தென் அமெரிக்கா. நம் ஊமத்தைக்குப் பெரியப்பா மகள். ஊமத்தைப் பூ வானம் பார்க்கும், இது தரை பார்க்கும். ஊமத்தைக் காயில் முள் இருக்கும், இதில் இருக்காது. இதையெல்லாம் நானே அந்தப் பெண்ணிடம் விளக்கினேன், எங்கள் ஊரில் சிவனுக்கு ஊமத்தம்பூ சூட்டுவோம் என்றுகூடப் பெருமையடித்தேன். அவள் "கையில படாம பாத்துக்கோங்க ஆன்ட்டி" என்று சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும், வாத்தியார் புத்தி விடவில்லை. ஒரு பூவைப் பறித்து நீளவாட்டில் கிழித்து, ஐந்து மகரந்தத்தாளையும் எண்ணி, சூல்பையை நகத்தால் பிளந்து, நோட்டுக்குள் ஒன்றை வைத்து அழுத்தினேன். அந்த நேரம் பார்த்துத் தூறல். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தேன். கண்ணில் விழுந்த துளியை விரலால் ஒற்றினேன். வலது கண். கழுவவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மகள் அனுப்பிய மெசேஜைப் படிக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் எண்ணெயில் மிதக்கிற மாதிரி இருந்தது. சமையலறை பல்பைப் பார்த்தால் வலது கண் கூசியது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். வலது கண்பாப்பா, சுற்றியிருக்கிற பழுப்பு வளையமே தெரியாத அளவுக்குக் கறுப்பாக விரிந்திருக்கிறது. இடது கண் மிளகு மாதிரி, எப்போதும்போல். என் கையும் காலும் விட்டுப்போயின. என் கணவரின் கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொன்னது அதுதான்: ஒரு பக்கப் பாப்பா விரிந்திருக்கிறது. எனக்கு அதைத் தவிர வேறெதுவுமே நினைவுக்கு வரவில்லை. நோட்டுக்குள் பூ இருக்கிறது, நகத்தில் சாறு இருக்கிறது, முப்பத்தோரு வருடம் நடத்திய பாடம் தலைக்குள் இருக்கிறது. ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. வெளியே வந்து அந்தப் பெண்ணிடம், "எனக்கு ஸ்ட்ரோக்" என்றேன்.

அவளே காரை எடுத்தாள். முக்கால் மணி நேர வழி. மகளுக்குப் போன் போட்டால், அங்கே இரவு பத்தாகிவிட்டது, தூங்கிவிட்டாள். எடுக்கவில்லை. ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன், மறு நிமிடம் அழுதேன். ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்ததுமே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கையைத் தூக்கு, சிரி, மூக்கைத் தொடு, பெயர் சொல். எல்லாம் சரியாக இருந்தது, ஆனாலும் தலைக்கு சிடி ஸ்கேன். டாக்டர் என்னைக் கேட்டார்: கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து போட்டீர்களா? இல்லை. வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை? இல்லை. ஏதாவது செடியைத் தொட்டீர்களா? "நான் வந்ததே செடியைத் தொடத்தான்" என்று பதில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் நான் செடியின் பெயரைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் உள்ளூர் நர்ஸ் ஒருத்தி என் கையைப் பிடித்து ஊசிக்கு நரம்பு தேடும்போது நகத்தைப் பார்த்தாள். "என்ன பூ ஆன்ட்டி இது?" நான் நோட்டைத் திறந்து காட்டினேன். அவள் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையைக் கழுவக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தோட்ட வேலை செய்கிறவர்கள் இப்படி வருவது உண்டாம். உறுதி செய்ய டாக்டர் கண்ணில் பைலோகார்பின் சொட்டு விட்டார். மூளை நரம்பு அழுத்தப்பட்டு விரிந்த பாப்பாவாக இருந்தால் அந்த மருந்துக்குச் சுருங்கும். செடி நஞ்சு கண் தசையிலேயே உட்கார்ந்து வழியை அடைத்திருந்தால் சுருங்காது. என்னுடையது அசையவில்லை. அசையாதது நல்ல செய்தி. ஊமத்தை இனத்தில் அட்ரோபின், ஸ்கோபோலமின், ஹையோசயமின் என்று மூன்றும் உண்டு, அதுதான் விஷயம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்" என்றேன்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது பயந்து ஆஸ்பத்திரி போகாதீர்கள் என்பதில்லை. ஒரு பக்கப் பாப்பா மட்டும் விரிந்தால் ஓடத்தான் வேண்டும், அது உண்மையிலேயே உயிர்போகிற சமாசாரமாக இருக்கலாம். நீங்களே 'பூவாகத்தான் இருக்கும்' என்று முடிவுகட்டி வீட்டில் படுக்கக்கூடாது. ஆனால் போனதும் முதல் வாக்கியமாக, இன்ன செடியை இன்ன நேரத்தில் தொட்டேன் என்று சொல்லுங்கள், செடியின் படத்தைக் காட்டுங்கள். பூப் பார்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு செடியையும் இலை, காய், முழுச் செடி என்று மூன்று படம் எடுத்து வைப்பது இதற்கும் உதவும். அமெரிக்காவில் எந்த மாநிலத்திலிருந்தும் 1-800-222-1222 என்ற விஷமுறிவு உதவி எண்ணுக்குக் காசில்லாமல், இராப்பகல் எந்நேரமும் பேசலாம். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கூடவே ஒரு சின்ன பாட்டில் தண்ணீரும் சோப்புத் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். தண்டை உடைத்தால் பால் வடிகிறதோ, பூ ஊதுகொம்பாக இருக்கிறதோ, கையைக் கழுவாமல் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈழத்தலரிப் பாலும் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும்.

மிச்ச நாலு நாளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே திண்ணையை 'லானாய்' என்கிறார்கள். படிக்க முடியாது, எழுத முடியாது, பூவைக் கிட்டத்தில் பார்த்தால் புகைமூட்டம். கைலென்ஸ் பைக்குள்ளேயே கிடந்தது. ஒனோமியா குடாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிவகை இருக்கிற தோட்டம் ஒன்று உண்டு, எழுபதுகளின் கடைசியில் ஒரு தம்பதி நிலத்தை வாங்கி உருவாக்கினது. நான் எண்ணிக் காத்திருந்ததே அதற்குத்தான். போக முடியவில்லை. எரிச்சல், அழுகை, தன்மேலேயே கோபம். மகள் தினம் மூன்று தடவை போனில். "யம்மா, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்ததை நீயே மறந்துட்டியே" என்று ஒரு தடவை சிரித்தாள், நான் போனை வைத்துவிட்டேன். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து ஒன்று நடந்தது. கண் உதவாததால் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. காலையில் ஈரப் பெரணி வாசம், பத்து மணிக்கு மேல் வெயில் பட்டதும் காஹிலி இஞ்சி, மழை நின்றதும் பாறைப்பாசி, வேலிக்கு அந்தப் பக்கம் பழுத்து விழுந்து அழுகுகிற ஸ்ட்ராபெரி கொய்யாவின் புளிப்பு (அதுவும் பிரேசில்காரி, அதுவும் காட்டைத் தின்கிறவள்தான்). பொழுது சாய்ந்ததும், பகலெல்லாம் வாசமே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த அந்த ஊதுகொம்புப் பூ, எலுமிச்சை கலந்த மாதிரி அப்படி மணக்கும். அந்தி நேரத்து விட்டில்பூச்சிக்கு விரித்த வலை. நான் கோபமாகவே மோந்தேன்.

பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பெற்றோர் இதில்தான் மாட்டுகிறார்கள். மொத்த பில் 6,840 டாலர். ஸ்கேன் தனி, டாக்டர் தனி, இடம் தனி என்று மூன்று கவரில் மூன்று வாரம் கழித்து வந்தது. என் விசிட்டர் இன்சூரன்ஸ் மாதத்துக்குக் குறைந்த காசில் எடுத்தது. அதில் இன்ன சேவைக்கு இவ்வளவுதான் என்று முன்னமே தொகை நிர்ணயித்திருப்பார்கள், பில் எவ்வளவு ஏறினாலும் அதற்கு மேல் தரமாட்டார்கள். எனக்குக் கிடைத்தது 1,150. பில் தொகையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுக் கொடுக்கிற, காம்ப்ரிஹென்சிவ் என்று சொல்கிற வகையை மகள் அப்போதே சொன்னாள். மாதம் அறுபது டாலர் கூட என்று நான்தான் வேண்டாம் என்றேன். அம்மா அப்பாவை வரவழைக்கிற பிள்ளைகளே, இந்த விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பில் வந்ததும் உடனே கட்டவும் வேண்டாம். வரிவாரியான பில் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கான சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். என் பென்ஷன் தாளை மொழிபெயர்த்து அனுப்பினோம், இரண்டு மாத இழுபறிக்குப் பின் மிச்சத்தை 2,900 ஆகக் குறைத்தார்கள். கேட்காமல் யாரும் குறைக்கவில்லை.

கிளம்புகிற அன்று பாப்பா முக்கால்வாசி சுருங்கியிருந்தது. அந்தப் பெண் கொல்லையில் கறிவேப்பிலை வைத்திருந்தாள், பிலிப்பைன்ஸ் சிநேகிதி ஒருத்தி கொடுத்த கன்றாம். ஒரு கட்டு ஒடித்து மகளுக்கென்று பையில் போட்டுவிட்டாள். ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகும்போது விமான நிலையத்திலேயே விவசாயத் துறைச் சோதனை உண்டு, எல்லாப் பையும் எந்திரத்துக்குள் போகும். கறிவேப்பிலை ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் இலையும் பூவும் எதுவாக இருந்தாலும் கொண்டுபோக விடமாட்டார்கள், மாலையில் கோத்திருந்தால்கூட. எலுமிச்சை மரங்களை அழிக்கிற நோய் ஒன்றும் அதைப் பரப்புகிற பூச்சியும் இலையோடு போய்விடும் என்பதுதான் காரணம். குடும்பம் பார்த்துத்தான் செடியைப் பிடிக்கிறார்கள், நான் மறந்த பாடம் அந்தச் சோதனைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கட்டைக் குப்பையில் போடுமுன் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, நல்ல வாசம் என்றார். நோட்டைப் புரட்டினார். அழுத்தி வைத்த காய்ந்த பூக்களை அனுமதித்தார். ஊதுகொம்புப் பூ இருந்த பக்கத்தை நான் முந்தின நாளே கிழித்து எறிந்திருந்தேன், கையுறை போட்டுக்கொண்டு. ஆஸ்பத்திரிக்கு மாதம் 150 டாலர் வீதம் மகள் கட்டி வருகிறாள். இன்னும் பதினோரு தவணை இருக்கிறது.